தீஸிரி சுரங்கத்தின் ஒதுங்குமிடம்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. பதினைந்து வருடமாக நான் எழுதியதெல்லாம் வண்டி எண்ணும் நேரமும்தான். கீழே வரும் நேரங்கள் அன்றைக்கு என் கையால் நோட்டில் குறித்தவை. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று நினைப்பவர்கள், அன்றைக்கு அந்த வண்டிகளில் இருந்த யாரையாவது பிடித்துக் கேட்கட்டும். சொல்வார்கள். ஆனால் கடைசியாக நான் சொல்லப்போவது மட்டும் அவர்களுக்கும் தெரியாது.

என் பெயர் பெலாயித். எங்கள் கபிலியா மலையில் ஒரு சின்ன நகராட்சியில் வேலை பார்க்கிறேன். தீஸிரி சுரங்கத்தின் மேற்கு வாயிலுக்கு நான் காவல். கிழக்கு வாயிலுக்கு அரெஸ்கி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

சுரங்கத்தின் நீளம் 620 மீட்டர். அகலம் ஒரு வண்டிக்கு மட்டும். நடுவில் ஒரு வளைவு இருப்பதால் இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியாது. கிழக்கே வெளியே வந்ததும் பள்ளத்தாக்கின்மேல் ஓர் இரும்புப் பாலம். அதிலும் ஒற்றை வண்டிதான் போகலாம். இரண்டுக்கும் சிக்னல் வைப்பதாக மூன்று மேயர்கள் வாக்குக் கொடுத்தார்கள். கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு பலகை.

நகராட்சி ஆணை என்று பெரிதாகப் போட்டு, கீழே விதிகள். வேகம் இருபதுக்கு மேல் போகக் கூடாது. லாரிகளுக்கு அனுமதி இல்லை. உள்ளே நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, பின்னால் எடுக்கக் கூடாது. நான்காவது விதிதான் எங்களுக்குச் சோறு போடுவது. கட்டை கையில் இல்லாமல் தடுப்பைத் தூக்கக் கூடாது.

கட்டை என்றால் ஒரு முழ நீளச் சிவப்புக் கட்டை. ஒன்றே ஒன்றுதான். அது எந்த வாயிலில் இருக்கிறதோ அந்தப் பக்கத்து வண்டிகள் மட்டும் போகலாம். எத்தனை வண்டி விட்டாலும் சரி, கடைசி வண்டிக்காரரிடம் கட்டையைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவர் வெளியே வந்து எதிர்ப்பக்கக் காவலாளியிடம் கொடுப்பார். கட்டை வந்துவிட்டால் உள்ளே யாரும் இல்லை. வராவிட்டால் இன்னும் யாரோ வருகிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் புரியும் ஏற்பாடு.

நோன்பு மாதத்தில் மட்டும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புரியாது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கினால் ஆளாளுக்கு வண்டியைப் பறக்கவிடுவார்கள். கட்டையை மடியில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், சூப்பெல்லாம் குடித்து முடித்து, எட்டு மணிக்குத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவார்கள். அதுவரை இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். வசவு முழுக்க எங்களுக்கு. நாலைந்து முறை இப்படி ஆன பிறகு நானும் அரெஸ்கியும் ஒரு திருட்டு வேலை செய்தோம். அதே அளவில் இன்னொரு கட்டை செதுக்கி, அதே சிவப்புப் பெயின்ட் அடித்து, என் காவல் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். கட்டை வீட்டுக்குப் போய்விட்ட நாளில் மட்டும், இருவரும் போனில் பேசி, உள்ளே யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை எடுக்கலாம். பேசாமல் எடுக்கக் கூடாது. அது எங்களுக்குள் சத்தியம்.

அந்தச் சத்தியத்தை மீறியவன் நான்தான்.

அன்று இருபத்தேழாம் நோன்பு. நோன்பு திறக்கும் நேரம் மாலை 6:56. சரியாக 6:22க்கு என் தங்கை தாஸதித்தின் வெள்ளை வேன் வந்து தடுப்பின் முன்னால் நின்றது. ஓட்டியது அவள் புருஷன் நசீம். நடுவில் அவர்கள் மகள் ஸிலியா. ஏழு வயது.

"அண்ணே, எங்களை உடனே விடு. இன்னைக்கு ஸிலியாவுக்கு முதல் நோன்பு" என்றாள் தாஸதித்.

"கட்டை அந்தப் பக்கம் இருக்கு. வரட்டும்."

"மச்சான், நான் ஒண்ணுமே சொல்லல" என்றான் நசீம். "உங்க தங்கச்சிதான் காலையிலேர்ந்து என் உயிரை எடுக்கறா."

எங்கள் பக்கம் ஒரு பிள்ளையின் முதல் நோன்பு சின்ன விஷயமில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நிமிடத்தில் உறவெல்லாம் சுற்றி நிற்க, வெள்ளி மோதிரம் போட்ட கோப்பையில் சர்பத் கொடுத்துத் திறக்கவைப்பார்கள். பாலத்துக்கு அப்பால் நசீமின் வீட்டில் அத்தனை பேரும் கோப்பையோடு காத்திருந்தார்கள்.

ஸிலியா ஜன்னல் பக்கம் எக்கி என்னிடம் உதட்டைக் காட்டினாள். வெடித்திருந்தது. "மாமா, நான் தண்ணிகூட குடிக்கல. எச்சில்கூட முழுங்கல."

"எச்சில் முழுங்கலாம்டி."

"நான் முழுங்கல" என்றாள். ஜன்னலுக்குள் கை விட்டு அவள் தலையைத் தடவினேன். பிள்ளை இல்லாதவன் நான். எனக்கு இருப்பதெல்லாம் இவள்தான்.

6:31. போன் அடித்தது. சுரங்கத்தின் வழியாக ஓடும் பழைய கம்பி போன். மேற்கு வாயிலில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது.

"தம்பி, ஆறு வண்டி விடறேன். பின்னாடியே..." என்றார் அரெஸ்கி.

கர்ர்ர்... பிறகு ஒன்றுமில்லை.

6:34. வண்டிகள் வெளியே வந்தன. ஒன்று. இரண்டு. எண்ணினேன். ஆறாவது ஒரு நீல பிக்கப். கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் நிறுத்தவே இல்லை. ஒரு சலாம் போட்டுவிட்டுப் பறந்தான்.

கட்டை வரவில்லை. அதாவது இன்னும் வண்டி வருகிறது என்று நான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் ஆறு என்று சொன்னார், ஆறும் வந்துவிட்டது. இன்றைக்கும் கட்டை யாருடனோ வீட்டுக்குப் போய்விட்டது என்று நினைத்துவிட்டேன். காலையிலிருந்து தலை வேறு இடித்துக்கொண்டிருந்தது.

போனை எடுத்தேன். உயிரில்லை.

என் பக்கம் ஒன்பது வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் காதைப் பிளந்தது. கடைசியில் நின்ற டாக்ஸிக்காரன் இறங்கி வந்தான். "என்ன, கட்டையும் நோன்பா? எங்கயாவது மயங்கி விழுந்துடுச்சா?" நாலு பேர் சிரித்தார்கள். ஐந்தாவது ஆள் என் அம்மாவை இழுத்துத் திட்டினான்.

6:38. தாஸதித் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "அண்ணே..." என்றாள். அவ்வளவுதான்.

6:40. கட்டிலுக்கு அடியில் கை விட்டேன். டாக்ஸிக்காரனிடம் அந்தக் கட்டையைக் கொடுத்தேன். தடுப்பைத் தூக்கினேன். முதலில் வெள்ளை வேன். ஸிலியா எனக்குக் கையாட்டிக்கொண்டே போனாள். ஒன்பது வண்டிகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக இருட்டில் மறைந்தன.

6:42. போன் அடித்தது.

"ஆட்டு மந்தை பாலத்துல பூந்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சு தம்பி. மிச்ச ஏழு வண்டியை இப்பதான் விட்டேன். கட்டை கடைசி ரொட்டி வண்டியில வருது. வாங்கிக்க."

நான் சுரங்கத்தின் வாயைத் திரும்பிப் பார்த்தேன்.

"டேய், இருக்கியா?"

"எப்ப விட்டீங்க?"

"ஆறு நாப்பதுக்கு. ஏன்?"

போனைத் தொங்கவிட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஏழும் ஒன்பதும் பதினாறு வண்டிகள். ஒரு வண்டிக்கு மட்டுமே இடம். வளைவில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நோன்பு திறக்கும் அவசரத்தில் யாரும் இருபதில் போக மாட்டார்கள். முதல் வண்டியில் என் தங்கை. நடுவில் ஸிலியா.

6:43க்கு உள்ளே நுழைந்தேன். இடிபடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன்.

சத்தம் இல்லை.

அதுதான் முதலில் சரியில்லாமல் பட்டது. உள்ளே ஒரு ஸ்கூட்டர் ஓடினாலே சுரங்கம் முழுக்க உறுமும். பதினாறு வண்டிகள் இருந்தும் ஒரு இன்ஜின் சத்தம்கூட இல்லை. என் செருப்புச் சத்தம் மட்டும். டப்... டப்... டப்...

இரண்டாவது, வாசனை. எப்போதும் புகை நாற்றம் அடிக்கும். அன்று ஈரச் சுண்ணாம்பு வாசம். அன்றுதான் பூசிய சுவர்போல.

சுவரில் பத்து மீட்டருக்கு ஒருமுறை எண் எழுதியிருப்போம். டார்ச் அடித்துக்கொண்டே போனேன். 280. 290. 300.

310 இல்லை.

எண் மட்டுமல்ல. வலது பக்கம் சுவரே இல்லை.

டார்ச் வெளிச்சம் எதன்மேலும் படாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பன்னிரண்டு வருடமாகத் தினமும் நடக்கும் இடம். அங்கே திறப்பு கிடையாது. ஒரு ஆள் நுழையும் பொந்துகூடக் கிடையாது.

"தாஸதித்!" என்று கத்தினேன்.

எதிரொலி வரவில்லை.

டார்ச் மங்கியது. தட்டினேன். அணைந்தது.

இருட்டில் யாரோ பேசிக்கொள்வது கேட்டது. நிறைய பேர். கதவு திறக்கும் சத்தம். ஒரு பெண் சிரித்தாள். எங்கோ பக்கத்தில்தான்... ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பிறகு ஒரு குரல். ஆண் குரல். என் காதுக்கு ஒரு முழ தூரத்தில்.

"எத்தனை?"

அந்த நிலையிலும் பழக்கம் விடவில்லை. "ஒன்பதும் ஏழும்" என்றேன். "பதினாறு."

"அது வண்டி. ஆள் எத்தனை?"

எனக்குத் தெரியாது. நாங்கள் வண்டியைத்தான் எண்ணுவோம். ஆளை எண்ணியதே இல்லை.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதா?"

அந்தக் குரலில் கோபமில்லை. சந்தோஷம் இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

கால் நகரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று அப்போது தெரியாது.

பாங்குச் சத்தம் கேட்டது.

சுரங்கத்துக்குள் பாங்கு கேட்காது. ஒருநாளும் கேட்டதில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். பச்சை முள். 6:56.

பளீரென்று வெளிச்சம். எதிரே ஒரு வண்டி. பின்னால் இன்னொன்று. வலது பக்கம் சாய்ந்தேன்.

முதுகில் சுவர் இடித்தது.

கரடுமுரடான பழைய சுவர். தலைக்கு நேரே 310.

ஏழு வண்டிகள் என்னை உரசிக்கொண்டு போயின. கடைசி ரொட்டி வண்டி. ஓட்டியவர் சி மூலூத், எங்கள் ஊர் பேக்கரிக்காரர். வேகம் குறைத்துக் கட்டையை என் கையில் திணித்தார்.

"நல்ல ஏற்பாடு பண்ணியிருக்கீங்கப்பா" என்றார். "வாழ்த்துகள்."

"என்ன ஏற்பாடு?"

அவர் போய்விட்டார்.

7:03க்குக் கிழக்கு வாயிலில் வெளியே வந்தேன். அரெஸ்கி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பேரீச்சம்பழம். வாயில் போட மறந்திருந்தார். இன்னொரு கையில் நான் கொடுத்தனுப்பிய திருட்டுக் கட்டை.

"ஒன்பது வண்டி வந்துச்சுடா" என்றார். "ஒரு கீறல்கூட இல்ல. எப்படிடா வந்துச்சு?"

அந்தப் பக்கம் சிக்னல் உண்டு. கைபேசியை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டேன்.

"இப்பதான் வீட்டுக்கு வந்து உக்காந்தோம் அண்ணே. சுரங்கத்துக்குள்ள இருக்கும்போதே பாங்கு சொல்லிட்டாங்க. மாமியார் மூஞ்சி இவ்ளோ நீளம்."

"சுரங்கத்துல என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? ஒதுங்கற இடத்துல ஓரமா நின்னோம். லாந்தர் வச்சுக்கிட்டு உங்க ஆளு ஒருத்தர் கை காட்டினார். எதிர்ல ஏழு வண்டியும் போனதும் கிளம்பினோம். ரெண்டு நிமிஷம் இருக்கும். நல்ல மனுஷன். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் குடுத்தார். ஸிலியாதான் இறங்கிப் போய் வாங்கிட்டு வந்தா."

"எங்க இறங்கினா?"

"அங்கதான். ஏன், தப்பா?"

"இல்ல" என்றேன். "அவ எங்க இப்ப?"

"இதோ சூப்பு குடிக்கறா. ஏன்ணே ஒரு மாதிரி பேசற?"

மறுநாள் சி மூலூத்தை அவர் கடையில் பிடித்தேன். லாந்தர்க்காரர் தங்களைத்தான் ஒதுங்கச் சொன்னார் என்றார் அவர். அந்த ஏழு வண்டிக்காரர்களும் ஓரமாக நின்றார்களாம். எதிரே ஒன்பது வண்டிகளும் தாண்டிப் போவதைப் பார்த்தபிறகுதான் கிளம்பினார்களாம். மற்ற வண்டிக்காரர்களையும் விசாரித்தேன். கிழக்கிலிருந்து வந்தவர்கள் தாங்கள் நின்றோம் என்றார்கள். மேற்கிலிருந்து போனவர்களும் தாங்கள் நின்றோம் என்றார்கள். இரண்டு பக்கமும் நின்றிருந்தால் கடந்து போனது யார்?

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் திருட்டுக் கட்டை வெளியே வரும், வேலை போகும். ஆனால் சி மூலூத்துக்கு நன்றி உணர்ச்சி அதிகம். பெருநாள் முடிந்ததும் இரண்டு தட்டு பாதாம் பலகாரத்தோடு நகராட்சிக்குப் போய், சுரங்கத்தில் ஒதுங்குமிடம் கட்டியதற்காக மேயருக்கு நன்றி சொல்லிவிட்டார். மேயரும் பலகாரத்தைத் தின்றுகொண்டே, மக்களுக்காகத்தானே எல்லாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் போகிறவர் வருகிறவரெல்லாம் வாழ்த்த, அதையும் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் அதைக் கட்டியது யார் என்ற சந்தேகம் அவருக்கே வந்தது.

பார்த்துவர அனுப்பப்பட்டவர் நகராட்சிப் பொறியாளர் நவால். கெட்டிக்காரப் பெண். சுத்தியலோடு வந்தார். 310இல் தட்டினார். டொம்... டொம்... மற்ற இடங்களில் வராத சத்தம்.

இரண்டு கூலியாட்கள் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். முதலில் நவால் நுழைந்தார். பின்னால் நான்.

உள்ளே ஒரு பெரிய அறை. பாறையில் குடைந்தது. அறுபது மீட்டர் நீளம். வண்டிகள் ஒதுங்குவதற்காகவே எப்போதோ வெட்டி, எப்போதோ அடைத்திருக்கிறார்கள். யார் வெட்டியது, ஏன் அடைத்தது, நகராட்சியில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"இந்தச் சுவர் எங்க அப்பா பிறக்கறதுக்கு முன்னாடி கட்டினது" என்றார் நவால், அடைப்பைத் தடவிப் பார்த்து. "கலவையைப் பார்த்தாலே தெரியுது."

பிறகு கீழே டார்ச் அடித்தார்.

தரையில் நாலு விரல் கனத்துக்குத் தூசி. அதில் டயர் தடங்கள். புதுசு. ஒரு பக்கம் ஒன்பது வண்டி. மறுபக்கம் ஏழு. எல்லாம் நேராகப் போய் அந்தப் பழைய சுவருக்கு அடியில் நுழைந்தன. நவால் குனிந்து ஒரு தடத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கேமரா எடுத்துவருகிறேன் என்று வெளியே போனார்.

நான் மட்டும் உள்ளே நின்றேன்.

முதல் வண்டித் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் இருந்தது. சின்னச் செருப்பு. குதிகால் பதிந்த இடத்தில் ஒரு பூ அச்சு. முதல் நோன்புக்காக நான் வாங்கிக் கொடுத்த செருப்பு அது. நம்பர் 29.

இறங்கியிருக்கிறாள். நடந்திருக்கிறாள். அறையின் பின்பக்கப் பாறைவரை.

லாந்தர்க்காரரின் தடம் எங்கும் இல்லை. இவளுடையது மட்டும். ஒன்றன்பின் ஒன்றாக.

திரும்பி வந்த தடத்தைத் தேடினேன்.

மண்டியிட்டுத் தேடினேன்.

இல்லை.

போனது மட்டும்தான்.

நவால் திரும்புவதற்குள் என் சட்டையைக் கழற்றி, பாறையிலிருந்து வேன் நின்ற இடம்வரை அந்தத் தடத்தை முழுக்கத் துடைத்தேன். தாஸதித்தின் கண்ணில் அந்தப் படம் எந்தக் காலத்திலும் பட்டுவிடக் கூடாது. அப்போது எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

நகராட்சி இரண்டே நாளில் ஓட்டையை அடைத்துப் பூசிவிட்டது. திருட்டுக் கட்டையை அரெஸ்கி பாலத்திலிருந்து பள்ளத்தில் எறிந்தார். நான் மேயரிடம் கெஞ்சி ஆணையில் ஐந்தாவது விதி ஒன்று சேர்க்கவைத்தேன். வண்டியோடு உள்ளே இருக்கும் ஆட்களையும் எண்ணி எழுத வேண்டும். ஏன் என்று கேட்டார். பாதுகாப்புக்கு என்றேன்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. ஸிலியா நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். என்னைக் கண்டால் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். தாஸதித் அவளுக்குத் தலை பின்னும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்த வித்தியாசமும் சொல்ல முடியாது. "நம்ம வீட்டுப் பொண்ணுங்களே குள்ளம்தான் அண்ணே, பத்து வயசுக்கு மேலதான் வளரும்" என்று போன வாரம் தாஸதித் தானாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

பெருநாளுக்கு ஸிலியாவுக்குச் செருப்பு வாங்கித் தருவது நான்தான். நேற்றும் போனேன். கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"29ஆ? போன வருஷமும் இதே நம்பர்தானே வாங்கினீங்க?"

ஆமாம் என்றேன். அதற்கு முந்தின வருடமும் அதேதான். அதற்கு முந்தின வருடமும்.